புளி மூட்டையும் அட்டைப்பெட்டியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை போட்டுக் கேட்டேன், முதல் இரண்டு தடவையும் உன் வீட்டு மிக்ஸி சத்தம்தான் கேட்டது. மாங்காய் விஷயம் புரிந்தது. பெங்களூரா ரக மாங்காய்க்குக் கூழ் ஃபேக்டரியில் கொடுத்த விலை பறிகூலிக்கே காணவில்லை என்றால் என்னத்தைச் சொல்ல. இங்கே தர்மபுரியில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை, பெரியவன் பிளஸ் டூ வந்துவிட்டான், படிக்கிறானா போனை நோண்டுகிறானா என்று தெரியவில்லை.

சரி, கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி புளியையும் சாமையையும் ஆன்லைனில் போட்டு விற்கலாமா, இப்போதும் அதில் ஏதாவது நிற்குமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடட்டும். ஆனால் அங்கேயே சம்பாதித்துவிடலாம் என்று இறங்க வேண்டாம், வாடிக்கையாக வாங்குகிற ஆள் பிடிக்க இறங்கட்டும். நான் அஞ்சு வருஷம் கையைச் சுட்டுக்கொண்டு கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

ஆன்லைன் தளங்கள் பிடிக்கிற கமிஷனைச் சொல்லி எல்லாரும் பயமுறுத்துவார்கள். அது இப்போது பெரிய விஷயமே இல்லை. மீஷோ 2021-லேயே கமிஷனை எடுத்துவிட்டது, அமேசானும் 2025 ஏப்ரலிலிருந்து 300 ரூபாய்க்குக் கீழே உள்ள ஏகப்பட்ட பொருட்களுக்குக் கமிஷன் இல்லை என்று சொல்லிவிட்டது. நம்மைத் தின்பது வண்டிச்சத்தம்தான், அதாவது பார்சல் அனுப்புகிற கூலி. என் நோட்டில் இருப்பதை அப்படியே சொல்கிறேன், தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாறும். கொட்டை எடுத்த புளி ஒரு கிலோ, டெலிவரி ஃப்ரீ என்று 240 ரூபாய்க்குப் போட்டேன். அனுப்புகிற கட்டணமும் அவர்களுடைய சில்லறைக் கட்டணமும் சேர்ந்து 85, அதன் தலையில் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 100 ரூபாய் போயிற்று. புளியும் கொட்டை எடுத்த கூலியும் 120, கவர் பெட்டி டேப் எல்லாம் 14. கையில் நின்றது 6 ரூபாய். ஆறு! டீ கூடக் குடிக்க முடியாது. இதில் இன்னொரு கூத்து, காய்ந்த புளிக்கு 2019 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டியே கிடையாது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் விற்கிற சரக்குக்கு வரி இல்லாததால் அவர்களுக்குக் கட்டிய அந்த 18 சதவீதத்தை இன்புட் என்று திரும்ப எடுக்கவும் வழியில்லை.

அப்புறம் ரிட்டர்ன். சாப்பாட்டுச் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று போட்டிருப்பார்கள், ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் ஆள் கதவையே திறக்காவிட்டால் பார்சல் நம்மிடம்தானே வரும். ஒரு ஆடியில் வடக்கே போன பெட்டி ஒன்று பத்தொன்பது நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தது. வெயிலில் புளி இளகி, கவர் ஓரத்தில் கசிந்து, அட்டையெல்லாம் கறுத்து, கொண்டுவந்த பையன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பின்னாலேயே எறும்பு. போக வர சத்தம் என் கணக்கில்தான் ஏறியது. புகார் போட்டேன், பெட்டியைக் கட்டும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். கல்யாணமா நடந்தது, வீடியோ எடுக்க? கொட்டிவிடலாம் என்றால் அம்மா விடவில்லை, இரண்டு மாசம் எங்கள் வீட்டு ரசம் அந்தப் புளியில்தான்.

பெட்டி விஷயத்தைத் தங்கச்சியிடம் அழுத்திச் சொல். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள், அதில் வருகிற எண் தராசில் நிற்கும் எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு. கேழ்வரகு முறுக்கு அரைக் கிலோவை நொறுங்கக் கூடாது என்று 30க்கு 25க்கு 20 பெட்டியில் வைத்து அனுப்பினேன். 3 கிலோவுக்குப் பிடித்துவிட்டார்கள். காற்றுக்குக் காசு கட்டியவன் நான்.

அதனால் ஒரு கிலோ பாக்கெட்டை எடுத்துவிட்டு இரண்டு கிலோ புளி, ஒரு கிலோ சாமை என்று ஒரே கட்டாகப் போட்டேன். முதல் அரைக் கிலோவுக்குத்தான் சத்தம் குத்தும், மேலே போகப் போக அவ்வளவு ஏறாது. அந்தக் கட்டு 690-க்கு விற்றால் எல்லாம் போக 150-க்குக் குறையாமல் நிற்கிறது. என்ன, ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் வந்த இடத்தில் இரண்டு மூன்றுதான் வருகிறது. 2023 சிறுதானிய ஆண்டு என்று சொன்னதிலிருந்து சாமை தேடுகிறவனும் கூடிவிட்டான், விற்கிறவன் அதைவிடக் கூடிவிட்டான், விளம்பரத்துக்குப் பணம் கட்டாவிட்டால் நம் பாக்கெட் ஆறாம் பக்கத்தில் கிடக்கும். நான் கட்டுவதில்லை.

ஆள் பிடிக்க என்றேனே, அது எப்படி என்று கேட்பாய். வாங்கினவர் நம்பரைத் தளம் நமக்குக் காட்டாது, விசிட்டிங் கார்டு வைத்து அனுப்பினால் கணக்கை முடக்குவார்கள். ஆனால் பாக்கெட் லேபிளில் பேக் செய்தவர் பெயர், விலாசம், புகார் சொல்ல போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. சட்டமே போடச் சொல்கிறது, நான் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுகிறேன், அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து ஒரு அம்மா, சாமையில் கல் இருக்கிறது என்று அந்த நம்பருக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்தார். மன்னிப்புக் கேட்டு, புடைத்துச் சலித்து இன்னொரு கிலோ சும்மா அனுப்பினேன். இன்றைக்கு அவர்கள் அபார்ட்மென்டில் பதினோரு வீட்டுக்குச் சரக்கு போகிறது, மாசம் ஒரு மூட்டை, டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் போட்டுவிட்டு ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சரி. என் லாபத்தில் முக்கால்வாசி இப்படி வருவதுதான்.

ஜிஎஸ்டி எண் எடுக்காமல் முடியுமா என்றாய். 2023 அக்டோபர் 1-லிருந்து, ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கிற சின்ன ஆட்கள் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கொண்டு தளத்தில் விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். நாகர்கோவிலுக்கு அனுப்பலாம், ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு அனுப்ப முடியாது. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு பெங்களூரை விட்டுவிட்டு யாருக்கு விற்பது? உங்கள் ஊருக்கு அந்தச் சலுகை அரை வயிற்றுக் கஞ்சிதான். யோசித்துக்கொள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எப்படியும் வேண்டும், அது இல்லாமல் பொருளையே ஏற்ற விட மாட்டார்கள்.

மாசி பங்குனியில் புளி உலுக்கும்போது மொத்தமாக வாங்கி வைக்கலாம், இப்போதைக்கு உன்னிடம் இருக்கிற இரண்டு மூட்டை போதும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு வருகிறேன், நீயும் வா. அதற்குள் தங்கச்சியை மூன்று கிலோவுக்கு ஒரு பெட்டி கட்டச் சொல், தராசில் வைத்து ஒரு போட்டோ, டேப் வைத்து அளந்து ஒரு போட்டோ. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், மிக்ஸி ஓடும்.

இப்படிக்கு,
உன் மச்சான்