செல்விக்கு

ஏட்டி செல்வி, உன் வாய்ஸ் மெசேஜ நாலு தடவ கேட்டுட்டேன். போன் பண்ணா அழுதுருவேன், அதான் டைப் பண்றேன், நீளமா போகும், பொறுமையா படி.

பாப்பாக்கு பதினோரு மாசம் ஆகியும் உக்காரல, கழுத்தே ஆடுதுன்னு சொன்னல்ல, பொறுத்துப் பாப்போம்னு யாரு சொன்னாலும் கேக்காத. எங்களுக்கு ஒரு டாக்டரே அப்படித்தான் சொன்னாரு, எங்க அத்தை வேற, உன் வீட்டுக்காரனே லேட்டாத்தான் நடந்தான்னு சொல்ல, எம்பையன் கதிருக்கு ஒன்றரை வயசாகுற வரைக்கும் சும்மா இருந்துட்டோம். அந்த ஒரு வருஷத்த நெனச்சா இப்பவும் வயித்தெரிச்சல். என்ன நோவுன்னு பேரு தெரிஞ்சாத்தான் தெரபின்னு இல்லட்டி, கழுத்து நிக்கலையா, கழுத்துக்கு உண்டானத இன்னைக்கே ஆரம்பிக்கலாம்.

எங்களுக்கு சிபி, அதான் மூளைவாதம்னு தெரிஞ்சுது, அப்புறம் ஃபிட்ஸ், அப்புறம் காது கேக்குதான்னு பாக்குற பேரா டெஸ்ட் எடுத்ததுல காதும் கம்மின்னாங்க. பிசியோ ஒரு ஊரு, ஸ்பீச் இன்னொரு ஊரு, ஒவ்வொருத்தரும் தினம் அரைமணி நேரம் வீட்ல செய்ங்கன்னு ஹோம்வொர்க் குடுப்பாங்க, எல்லாத்தையும் கூட்டினா நான் சோறு பொங்க நேரம் கெடையாது. ஆய்க்குடியில மாற்றுத்திறனாளிங்களுக்கு இருக்க அமர் சேவா சங்கத்துக்குப் போனப்புறம்தான் மூச்சு வந்துச்சு. 1981ல ராமகிருஷ்ணன் சார் ஆரம்பிச்சது, கழுத்துல அடிபட்டு அவரே வீல்சேர்லதான் இருக்காரு. அங்கருந்து ஒரு அக்கா வீட்டுக்கே வருவாங்க.

மொத நாள் வந்தவங்க எக்சர்சைஸ் எதுவும் சொல்லல, பிள்ளைக்கு எப்படி ஊட்டுவ, காட்டுன்னாங்க. நான் நம்ம ஊரு வழக்கப்படி கால்ல மல்லாக்கப் போட்டு சங்குல ஊத்தினேன். அந்தக்கா பதறிட்டாங்க. கழுத்து நிக்காத பிள்ளைக்கு அப்படி ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிருமாம், மாசாமாசம் சளி, ரெண்டு தடவ நிமோனியான்னு அட்மிட் ஆனோமே, அதுக்கும் இதுவா இருக்கலாம்னாங்க. பழைய சேலைய சுருட்டி ரெண்டு பக்கமும் முட்டுக்குடுத்து நிமித்தி உக்கார வச்சு, தலை பின்னால சாயாம லேசா முன்னால இருக்க, கேப்பக்கூழ கெட்டியா சின்ன ஸ்பூன்ல. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. ஆனா இருமலே இல்லட்டி!

அந்தக்காதான் எல்லார் சொன்னதையும் ஒரே நோட்டுல எழுதி, குளிப்பாட்டுறப்ப காலு நீட்டல், ஊட்டுறப்ப ஸ்பூனக் காட்டி பேரு சொல்றது, துணி மாட்டுறப்ப கைய அவனே தூக்க விடுறதுன்னு வீட்டு வேலைக்குள்ளயே சொருகிட்டாங்க. நீ எங்க போனாலும் இப்படி எல்லாத்தையும் சேத்துப் பாக்குற ஒரு ஆளு யாருன்னு மொதல்ல கேளு, எத்தனை தெரபிஸ்ட்டு இருக்காங்கங்கறது அப்புறம்.

உனக்கு தாம்பரத்துலருந்து முட்டுக்காடு நிப்மெட் பக்கம்தான், பல குறை சேந்து இருக்கவங்களுக்குன்னே 2005ல ஆரம்பிச்ச சென்ட்ரல் கவர்மெண்ட் இடம். இல்லன்னா மாவட்டத்துல டிஈஐசின்னு பிள்ளைங்க வளர்ச்சிக் குறைய சீக்கிரமே பாக்குற சென்டர் இருக்கும், 2013ல வந்த ஆர்பிஎஸ்கேன்னு பிள்ளைங்களுக்கான கவர்மெண்ட் திட்டத்துல உள்ளது, ஆறு வயசு வரைக்கும் குழந்தை டாக்டர், பிசியோ, ஸ்பீச் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ, காசு கெடையாது.

பேப்பர் வேலை சலிப்புதான், ஆனா தேவைப்பட்டா யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, போட வெக்கப்படாத (எங்க வீட்டுக்காரரு ஆறு மாசம் வெக்கப்பட்டாரு). அத வச்சுத்தான் மாசம் 2000 உதவித்தொகைக்கு எழுதிப்போட்டோம், நிராமயா இன்சூரன்சும் எடுத்தோம், வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல உண்டு.

கதிரு இன்னும் நடக்கல. பேச்சும் இல்ல. ஆனா கூழு தீந்தா தட்ட டொக்கு டொக்குன்னு தட்டி என்னைப் பாக்குறான், நான் அடுப்படியில இருந்தாலும் ஓடி வரணும், இல்லன்னா கோவம் வரும் தொரைக்கு.

குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சிருச்சு. பாப்பாவ காட்டி முடிச்சுட்டு ஒரு வாரம் வந்து இரு. வரும்போது உங்கம்மாவோட பழைய நூல் சேலை ரெண்டு எடுத்துட்டு வா, புதுசுல சுருட்டினா வழுக்குது.

கோமு