சுவிங்கை மாற்று, செட்டை விற்காதே

செம்பவாங்,
சிங்கப்பூர்

அன்புள்ள தியாகு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இந்தக் காலத்திலும் தாளில் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்ப உனக்குத்தான் பொறுமை உண்டு. இடது இடுப்பு மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனாலும் ஒன்பது குழி முடிவதற்குள் வலி உயிரை வாங்குகிறது, பேசாமல் கோல்ஃப் செட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விற்காதே. காரணம் சொல்கிறேன், அதற்கு முன்னால் இங்கத்திச் சேதி.

பேரன் என்எஸ், அதான் கட்டாய தேசிய சேவை, போய்விட்டான். முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வருகிற அன்று சரோஜாவுக்கு அடுப்படியை விட்டு நகர முடிவதில்லை. நம் ஜலீலுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று. பொங்கோலில் தண்ணீர் ஓரமாகக் காலையில் அவன் நடக்கிற நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மரினா பே கோல்ஃப் திடலை 2024 ஜூனோடு மூடிவிட்டார்கள், தெரியுமா? ஆறு அடியில் முடிக்க வேண்டிய அந்த பார் ஆறு குழியில் நீ டிரைவர் மட்டையை வீசிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே, அதெல்லாம் இனிக் கதைதான். கிளப் உறுப்பினராகும் வசதி இல்லாத என்னைப் போன்றவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து, துவாஸ் பாலம் தாண்டி ஜோகூருக்குப் போகிறோம். திடல் கட்டணம் பரவாயில்லை. பாலத்து நெரிசலில் உட்கார்ந்திருப்பதுதான் முதுகுக்குக் கேடு.

சரி, உன் இடுப்புக்கு வருகிறேன்.

செட்டிப்பாளையத்தில் உனக்குச் சொல்லித் தருகிற பையன் கெட்டிக்காரனாக இருக்கலாம். ஆனால் ‘இடது குதிகால் தரையை விட்டு எழக்கூடாது, இடுப்பு அசையக்கூடாது, தோள் மட்டும் தொண்ணூறு டிகிரி திரும்ப வேண்டும்’ என்று அவன் சொல்வதாக எழுதியிருக்கிறாயே, அது இருபது வயதுக்காரனுக்குச் சொல்வது. தோள் திரும்புகிற அளவுக்கும் இடுப்பு திரும்புகிற அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சக்தி என்ற யோசனை இது. 1992இல் ஜிம் மெக்லீன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் அதற்கு எக்ஸ் ஃபேக்டர் என்று பெயர் வைத்தார். அப்புறம் பயிற்சி ரேஞ்சுக்கு ரேஞ்சு அதுவே வேதமாகிவிட்டது. பந்து தூரம் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் கீழ்முதுகு எலும்புகள் குனிந்து நிமிரத்தான் அமைந்தவை. அந்த ஐந்தும் சேர்ந்தாலும் ஒரு பக்கமாகப் பத்துப் பதினைந்து டிகிரிதான் திரும்பும். மீதித் திருப்பம் மேல்முதுகிலிருந்தும் இடுப்பு மூட்டிலிருந்தும் வர வேண்டும். இடுப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு தோளைத் திருப்பினால் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டுகளைப் பிழிகிறோம். கீழ்முதுகில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற என் எல்4, எல்5 தட்டு பிதுங்கியதற்குக் காரணம் கோல்ஃப் மட்டும் இல்லை, கப்பல் பட்டறையில் குனிந்த குனிவும் சேர்ந்துதான். இருந்தாலும் மட்டையை வீசுகிற இந்தச் சுவிங் அதைத் தூங்கவிடவில்லை.

எனக்கு வழி காட்டியது கோல்ஃப் கோச் இல்லை, மருத்துவமனையில் என்னைப் பார்த்த பிசியோ பெண். கோல்ஃப் கிளப்பை, அதாவது மட்டையை, கையால் தொட்டதில்லை என்றாள். ‘அங்கிள், நீங்க எந்த இடத்துல திரும்புறீங்கன்னு முதல்ல பாக்கலாம்’ என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். நீயும் இதைச் செய்து பார். முதுகு நிமிர்ந்து உட்கார், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையை இடுக்கிக்கொள், ஒரு கிளப்பை மார்புக்குக் குறுக்கே வைத்துக் கைகளைக் கட்டிக்கொள். இப்போது இடுப்பு அசையாமல் இரண்டு பக்கமும் திரும்பு. ஒவ்வொரு பக்கமும் நாற்பத்தைந்து டிகிரி வந்தால் மேல்முதுகு நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு வலப்பக்கம் அதில் பாதிதான் வந்தது. அடுத்தது இடுப்பு. அதே நாற்காலியில் தொடையை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் தூக்கு. பாதம் வெளியே போகும்போது இடுப்பு மூட்டுக்குள் தொடை எலும்பு உள்பக்கமாகச் சுழல்கிறது. வலது காலையும் இடது காலையும் ஒப்பிட்டுப் பார். மூட்டு தேய்கிறவர்களுக்கு முதலில் குறைவது இந்தச் சுழற்சிதான் என்றாள். உனக்கு இடது பாதம் கொஞ்சம்கூட வெளியே போகாது என்று நினைக்கிறேன்.

வலக்கை ஆட்டக்காரனுக்கு அது ஏன் முக்கியம் என்றால், பந்தை அடித்து முடிக்கும்போது உடம்பு முழுக்க இடது காலின் மேல் ஏறித் திரும்புகிறது. பாதம் ஆணி அடித்த மாதிரி நேராக நின்றால் அந்தத் திருப்பம் முழுவதும் இடது இடுப்பு மூட்டுக்குள் நடக்க வேண்டும். மூட்டு கொடுக்காவிட்டால் முழங்கால் கொடுக்கும், அதுவும் இல்லையென்றால் முதுகு. உன் ஒன்பதாவது குழி வலி இங்கேதான் பிறக்கிறது என்பது என் ஊகம். உன் டாக்டரிடம் இதை இப்படியே சொல்லிக் கேள்.

‘அப்படியானால் சரியான சுவிங் எது?’ என்று நீ கேட்பாய். அப்படி ஒன்று கிடையாது. ஸ்பெயின்காரர் ஜான் ராமைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய், மட்டையைப் பின்னால் தூக்குகிற பேக்சுவிங் பாதியிலேயே நின்றுவிடும். பிறக்கும்போதே அவருக்கு வலது பாதம் வளைந்திருந்தது. அந்தக் கணுக்காலில் அசைவு குறைவு என்பதால்தான் சின்ன வயதிலிருந்தே குட்டைச் சுவிங் பழகியதாக அவரே 2021இல் சொன்னார். அந்த ஆண்டு யுஎஸ் ஓப்பன் போட்டியையும் 2023இல் மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்றார். அவரைவிட எனக்குப் பிடித்தவர் அமெரிக்கர் கால்வின் பீட். சிறுவனாக இருக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை உடைந்து, அதற்கப்புறம் அந்தக் கையை அவரால் நேராக நீட்டவே முடியவில்லை. இடது கை மடங்கக் கூடாது என்று நமக்கு எத்தனை பேர் தலையில் அடித்திருப்பார்கள்! அந்த மடங்கிய கையோடு, இருபத்து மூன்று வயதில் ஆட்டத்தைத் தொடங்கி, பிஜிஏ டூரில் பன்னிரண்டு பட்டம் வென்றார். 1981 முதல் 1990 வரை ஆண்டுதோறும் டிரைவரில் அடித்த பந்தை ஃபேர்வே என்கிற நடுப் புல்வெளியில் நிறுத்துவதில் அவர்தான் முதலிடம். இன்னொரு அமெரிக்கர் லீ டிரெவினோவும் அப்படித்தான். காலை இடப்பக்கம் திறந்து நின்றுகொண்டு வெட்டுகிற மாதிரி அடிப்பார், பார்க்க அழகே இருக்காது. 1969இல் நம் ஊரில், ஐலண்டு கிளப்பின் புக்கிட் திடலில்தான், உலகக் கோப்பையை அமெரிக்காவுக்கு வாங்கிக் கொடுத்தார். ஆறு வருஷம் கழித்துச் சிக்காகோ பக்கம் ஆட்டத்தின் நடுவே மின்னல் தாக்கி அவர் முதுகு கெட்டுப்போனது. இங்கே பிற்பகல் மின்னல் சங்கு ஊதினால் ‘இன்னும் ஒரே ஒரு பட்’ என்று நிற்கிற ஆசாமிகளிடம் நான் அவர் கதையைத்தான் சொல்வேன்.

மருந்து மாதிரி விற்கிற முறைகளும் உண்டு. ஸ்டாக் அண்டு டில்ட் என்று 2007 வாக்கில் ஒன்று பிரபலமானது. உடம்பு எடையை ஆரம்பத்திலிருந்தே இடது காலில் வைத்து அடிப்பது. பந்து நன்றாகப் படுகிறது, ஆனால் தேய்ந்த இடது மூட்டை வைத்துக்கொண்டு நீ அந்தப் பக்கமே போகாதே. கனடாக்காரர் மோ நார்மன் ஆடியது வேறு மாதிரி. கால்களை அகட்டி, பந்தை விட்டுத் தள்ளி நின்று, கையும் கிளப்பும் ஒரே கோடாக இருக்கும்படி நீட்டி அடிப்பார். முதுகுக்கு அது எளிது என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு முதுகு சும்மா இருந்தது, முழங்கை கூச்சல் போட்டது, விட்டுவிட்டேன். இரண்டு மூன்று முறைகளைப் படித்துவிட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலக்கிறவர்கள்தான் ரேஞ்சில் பாவம்.

நான் இப்போது ஆடுவது பழைய காலத்துச் சுவிங்கின் சாயல். வலது பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, விரல்களை வெளியே திருப்பி நிற்கிறேன். பேக்சுவிங்கில் இடுப்பும் தோளோடு சேர்ந்து திரும்பட்டும் என்று விட்டுவிடுகிறேன், இடது குதிகால் தானாக எழுகிறது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் தூக்கினார், 46 வயதில் மாஸ்டர்ஸ் வென்றவருக்கு அது இடைஞ்சலாக இல்லை. ஆனால் அவர் காலத்து முடிவு, முதுகை வில்லாக வளைத்து அண்ணாந்து நிற்பது, அது மட்டும் வேண்டாம். வயிறும் மார்பும் கொடியை நோக்கி நேராக, வலது பாதம் விரல் நுனியில் நிற்க முடிக்கிறேன். கிளப் முக்கால் தூரம்தான் மேலே போகிறது.

உனக்கு இதிலேயே சில மாற்றம் வேண்டும். இடது பாதத்தை இருபது முப்பது டிகிரி வெளியே திருப்பி நில். அடித்து முடிக்கையில் மூட்டு சுழல வேண்டிய அளவு அந்த மட்டில் குறையும். அப்படி நின்றால் பேக்சுவிங் சற்றுக் குறுகும், அதற்குத்தான் குதிகாலைத் தூக்கச் சொல்கிறேன். அடித்த பிறகு இடது காலில் ஊன்றி நின்று அழகு காட்டாதே. பழைய சாம்பியன் கேரி பிளேயர் மாதிரி வலது காலை எடுத்து முன்னால் வைத்து நடந்துவிடு. கோச் பையன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். பத்து நாள் வெட்ஜ் என்கிற சின்ன மட்டையோடு, பாதி வேகத்தில், புல்லில் மட்டும் பழகு. ரேஞ்சுப் பாய்க்கு அடியில் இருப்பது சிமெண்டுத் தரை. என் இடது முழங்கையின் வெளிப்புற வலி அங்கே வாங்கியதுதான். பாயில் அடித்தே ஆக வேண்டுமென்றால் பந்தைத் தாங்குகிற குச்சியான டீயைத் தாழ்வாகக் குத்தி அதில் வை. ஸ்டீல் தண்டு இருக்கிற அந்தப் பழைய அயர்ன் மட்டைகளை வேண்டுமானால் தள்ளிவிட்டு கிராஃபைட் தண்டு வாங்கு, கைக்கு வருகிற அதிர்வு கணிசமாகக் குறையும். பிடியும் கொஞ்சம் தடிமனாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மூன்று, நாலு, ஐந்து அயர்ன்களை மறந்துவிட்டு ஹைப்ரிட் மட்டை இரண்டு வைத்துக்கொள்.

தூரம் குறையும், ஏமாற்ற மாட்டேன். என் செவன் அயர்ன் இப்போது 120 மீட்டரைத் தொட்டால் பெரிய விஷயம், நாம் பந்தயம் கட்டிய நாட்களில் அது உனக்கு வெட்ஜ் தூரம். குழிக்குக் கிட்டத்தில் இருக்கிற தொடக்க இடமான முன் டீயிலிருந்து ஆடு, வெட்கப்படாதே. ஜோகூரில் என்னோடு ஆடுகிற சீனப் பெரியவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, பந்து தரையோடு உருண்டுதான் போகும், ஆனால் குழி இருக்கிற கிரீனைச் சுற்றி சில்லறையாகச் சேர்த்து எங்கள் கோப்பிக் காசை மாதம் தவறாமல் கறந்துவிடுவார்.

பின்னால் ஒரு நாள் மூட்டை மாற்ற நேர்ந்தாலும் ஆட்டம் முடிந்துவிடாது. நிக்லாஸுக்கு 1999இல் மாற்றியதும் உன்னைப் போல இடது இடுப்புதான், அதற்கப்புறமும் மாஸ்டர்ஸ் ஆடினார். ஆனால் மூட்டை முன்பக்கமாகத் திறந்து மாற்றுவார்களா, பின்பக்கமாகவா என்று அப்போது கேட்டுக்கொள். பின்பக்கமாகச் செய்தால் ஆரம்ப மாதங்களில் கால் உள்பக்கம் சுழல்வதுதான் மூட்டு நழுவுவதற்கு வழி. உன் இடது கால் சுவிங்கின் முடிவில் செய்வது அதே அசைவுதான். எப்போது கிளப்பைத் தொடலாம் என்பதைச் சர்ஜனே சொல்லட்டும், உன் கோச்சும் வேண்டாம், நானும் வேண்டாம்.

நாற்காலி சோதனையில் என்ன வந்தது என்று எழுது. கடிதத்தில் எழுதினால் ஒரு மாதம் ஆகும், மருமகளிடம் சொல்லி வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல். முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று சுவிங் வீடியோவும் வேண்டும், கால் பாதம் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல். பொங்கல் முடிந்ததும் சரோஜாவும் நானும் கோவைக்கு வருகிறோம், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது குழி போதும், பக்கி வண்டியில் போவோம், ஸ்கோர் கார்டை நான்தான் எழுதுவேன்.

அன்புடன்,
செல்வம்