இந்த வலிக்கும் பிசியோதெரபி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கேள்வி-பதிலில், கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் உறவின்போது வலி தாங்க முடியவில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பயம்தான் காரணம், கணவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள், தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று மூன்று வரியில் பதில் வந்திருந்தது. அந்த வாசகியின் நிலைமையில் ஐந்து வருடம் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் கரூர்க்காரி. துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். என் கணவருக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. 2013-இல் கல்யாணம். முதல் ராத்திரி மட்டுமல்ல, முதல் வருடம் முழுக்கவே ஒன்றும் நடக்கவில்லை. கிட்டே வந்தாலே தொடை இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும். மீறி முயன்றால் சுவரில் முட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார் அவர். எனக்கோ கிழித்துவிட்ட மாதிரி எரியும். அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னேன். "மொதல்ல அப்படித்தான் இருக்கும் கண்ணு, போகப்போகச் சரியாப் போயிரும்" என்றார். போகப்போக, அவர் கை தோளில் பட்டாலே உடம்பு விறைக்கும் அளவுக்கு ஆனது.

மூன்றாம் வருடம் ஊரே "விசேஷம் உண்டா" என்று கேட்க ஆரம்பித்தது. மாமியார் சொல்லி திருக்கருகாவூர் போனோம். கர்ப்பரட்சாம்பிகை சன்னதி நெய்யை வாங்கி வந்து 48 நாள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அம்பாள்தான் என்ன செய்வாள், எங்கள் பக்கம் நடக்க வேண்டியதே நடக்கவில்லையே! அப்புறம் ஒரு குழந்தைப்பேறு மையம். அவருக்கு விந்தணுப் பரிசோதனை, எனக்கு தைராய்டு, சர்க்கரை, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே அறையில் நான் அலறியதைப் பார்த்து நர்ஸ் எரிச்சலாகி, "இதுக்கே இப்படின்னா நீ எப்படிம்மா புள்ள பெறப்போற?" என்றார். ஏழெட்டு மாதம் நடந்தோம். உங்களுக்குள் உறவு நடக்கிறதா, வலிக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்களாகவும் சொல்லவில்லை, அது எங்கள் தப்பு. கடைசியில் ஃபைலில் 'காரணம் தெரியாத குழந்தையின்மை' என்று எழுதிவிட்டார்கள். காரணம் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும்.

2018-இல் கோவையில் ஒரு பெண் மருத்துவரிடம் போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. பதில் சொல்ல வாய் திறந்தவள் அழுதுவிட்டேன். "இன்னைக்கு உள்ளே எதையும் விடமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு வெளியே மட்டும் பார்த்தார். புண் இல்லை, கிருமித் தொற்று இல்லை, பிறப்புறுப்பைச் சுற்றிய தசை தானாக இறுகிக்கொள்கிறது, இதற்கு வெஜைனிஸ்மஸ் என்று பெயர் என்றார். பின்னால் தேடிப் படித்தேன். அந்தப் பெயர் 1860-களிலேயே மருத்துவ எழுத்துகளில் ஏறிவிட்டதாம். கரூருக்கு வந்து சேர 2018 ஆகியிருக்கிறது.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் மாத்திரை இல்லை, ஒரு பிசியோதெரபிஸ்டின் முகவரி இருந்தது. பிசியோதெரபி என்றால் எனக்கு முட்டி வலியும் கழுத்துப் பட்டையும்தான் தெரியும். முதல் நாள் கட்டிலில் படுக்கவே சொல்லவில்லை, ஒரு மணி நேரம் பேச்சுதான். மலச்சிக்கல் உண்டா, சிறுநீரை எவ்வளவு நேரம் அடக்குவீர்கள் என்று கேட்டார். கம்பெனி கழிப்பறையில் தாழ்ப்பாள் கிடையாது, காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டில்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். முன்னால் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டின மாதிரி தசைகள் இருக்கின்றன, மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் அதன் மேல்தான் என்று ஒரு பொம்மையை வைத்துக் காட்டினார். "உங்களுக்கு அது சுருக்குப்பை வாய் மாதிரி இறுகிக் கிடக்கு. நீங்க வேணும்னு இறுக்கலை" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே பஸ் ஏறிப் போனது தகும்.

வைத்தியம் என்று பார்த்தால் பெரிய வித்தை இல்லை. வயிறு விரிய மெதுவாக மூச்சை இழுத்தால் அந்தத் தசை தானாகக் கீழே இறங்கும், முதல் சில வாரம் அதைக் கற்றுக்கொள்வதுதான் வேலை. அப்புறம் கண்ணாடி வைத்து என் உடம்பை நானே பார்ப்பது. முப்பது வயதில் முதல்முறையாகப் பார்த்தேன். பிறகு என் விரல் நுனி. அதற்குப் பிறகு டைலேட்டர் என்று மிருதுவான சிலிக்கான் குச்சிகள், சுண்டுவிரல் தடிமனில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பெரிதாகும். தினம் பத்து நிமிடம். வலித்தால் நிறுத்த வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, தேவைப்பட்டால் முந்தைய அளவுக்கே திரும்ப வேண்டும். அதுவரை உறவுக்கு முயலவே கூடாது என்று என் கணவரையும் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்தத் தடை வந்த ராத்திரிதான் கல்யாணத்துக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

குச்சிகளை முகூர்த்தப் பட்டு இருக்கும் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெள்ளக்கோவில், காங்கேயம், பல்லடம் என்று பஸ்ஸில் கோவை. எட்டு மாதத்தில் வலி போனது. இப்போது பெண் யூகேஜி படிக்கிறாள். பிரசவத் தையல் போட்ட இடத்தில் மறுபடி வலித்தபோது ஐந்து வருடம் காத்திருக்கவில்லை, ஆறிய தழும்பை நீவி இளக்குவது எப்படி என்று அந்த பிசியோதெரபிஸ்டிடமே போய்க் கற்றுக்கொண்டேன்.

யூடியூபில் இதற்கெல்லாம் கீகல் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். அது அர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் எழுதியது, பிரசவத்தில் தளர்ந்த தசையை இறுக்குவதற்கு. ஏற்கெனவே இறுகிக் கிடக்கிறவள் அதைச் செய்தால் வலி கூடத்தான் செய்யும். நானும் இரண்டு மாதம் செய்து பார்த்து அவதிப்பட்டவள். தவிர, எல்லா வலியும் தசையால் வருவதில்லை. தொற்று, கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் வரும் வறட்சி என்று வேறு காரணங்களும் உண்டு, அதனால் முதலில் மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும். பார்க்கிறவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கே வந்து கையை நீட்டி மடக்கப் பழக்கினார். நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருநாள் வாசல் வரை போய் அவரிடம் இந்த வலிக்கான வைத்தியம் பற்றி மெதுவாக விசாரித்தேன். "படிக்கறப்போ கொஞ்சம் சொல்லிக் கொடுத்தாங்க அக்கா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். அவரைப் போன்றவர்களுக்கு இதில் தனிப் பயிற்சி கொடுத்து, அரசு மருத்துவமனை இயன்முறை மருத்துவப் பிரிவில் பெண்களுக்கென்று கதவு சாத்தும் ஓர் அறை ஒதுக்கினால் போதும். கரூரிலிருந்து கோவைக்கு நான் போக முடிந்தது, மாதச் சம்பளம் இருந்தது. தறிக்கும் தையலுக்கும் போகிற பெண் எங்கே போவாள்?

உங்கள் மருத்துவப் பகுதியில் அந்த வாசகிக்கு இன்னொரு பதில் போடுங்கள், இந்த முறை பத்து வரியாவது.

பெயரை அச்சிட வேண்டாம். என் மாமியார் இப்போதும் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு உங்கள் நாளிதழை வரி விடாமல் படிப்பவர். திருக்கருகாவூர் நெய் வரைக்கும் வந்தாரானால் எழுதியது யார் என்று கண்டுபிடித்துவிடுவார். பரவாயில்லை, படிக்கட்டும்.

இப்படிக்கு,
கரூர் வாசகி