டாக்ஸியிங்கும் பயிற்சிதான்

ஆசிரியருக்கு,

சிறு விமானப் பயிற்சியில் டாக்ஸியிங்குக்கு, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்வதற்கு, தரும் கவனம் போதாது. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் இடைவெளி ஓர் அடிக்கும் குறைவு. செக்லிஸ்ட்டையோ டேப்லெட்டையோ சில நொடி குனிந்து பார்த்தால் போதும், ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவில் இறக்கை உரசிவிடும், பள்ளத்தில் மூக்குச் சக்கரம் இறங்கிவிடும். ஓடும் புரொப்பெல்லர் தரையில் பட்டால் வளைந்த பிளேடை மாற்றுவதோடு வேலை முடியாது. இன்ஜினையே பிரித்து, புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டைச் சோதித்தாக வேண்டும். படிக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் படிக்கட்டும்.

மூக்குச் சக்கரம் விமானியின் கட்டுப்பாட்டில் இல்லாமல் தன்போக்கில் திரும்பும் சிரஸ் போன்ற விமானங்களை, மெதுவாகப் போகும்போது ஒருபக்க பிரேக் கொடுத்துத்தான் திருப்ப முடியும். பவரைக் கூட்டி வைத்துக்கொண்டு பிரேக்கை அழுத்தியபடியே போனால் டிஸ்க் பழுக்கக் காயும், சீல் உருகும், பிரேக் ஆயில் கசிந்து தீப்பிடிக்கும். பவரைக் குறைப்பதுதான் முதல் வேலை, பிரேக் அதற்குப் பிறகு. காற்று வீசும்போது கன்ட்ரோலையும் சும்மா விடக் கூடாது. இடப்பக்கம் முன்னாலிருந்து காற்று அடித்தால் யோக்கை (விமானி கையில் பிடிக்கும் கன்ட்ரோல்) இடப்பக்கம் திருப்ப வேண்டும்; இடப்பக்கம் பின்னாலிருந்து அடித்தால் வலப்பக்கம் திருப்பி முன்னே தள்ள வேண்டும். இல்லாவிட்டால் செஸ்னா 172 போல இறக்கை உடலுக்கு மேலே அமைந்த விமானத்தைக் காற்று கவிழ்த்துவிடும்.

வழி தவறுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. 2001 அக்டோபர் 8, இத்தாலியின் மிலன் லினாட்டே விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஆர்5 என்ற டாக்ஸிவே (விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் பாதை) வழியே வரச் சொன்ன செஸ்னா சைட்டேஷன் என்ற சிறு ஜெட், ஓடுபாதையைக் கடக்கும் ஆர்6-இல் திரும்பிவிட்டது. தரையில் தெரிந்த 'எஸ்4' குறியை விமானி ரேடியோவில் சொல்லியும், அது எந்த இடம் என்று உறுதிசெய்யாமலே தொடர்ந்து போக அனுமதி கிடைத்தது. தரை ராடாரும் இயங்கவில்லை. டேக் ஆஃப் ஆகிக்கொண்டிருந்த எம்டி-87 பயணிகள் விமானம் அதன்மேல் மோதி 118 பேர் மாண்டார்கள். ஆர்6-இல் இருந்த ஸ்டாப் பார் விளக்குகளை, அதாவது ஓடுபாதைக்கு முன் நிற்கச் சொல்லும் சிவப்பு விளக்கு வரிசையை, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அணைக்கவோ ஏற்றவோ வழியில்லை. எந்நேரமும் எரியும் சிவப்பு விளக்கை யார் மதிப்பார்கள்?

ஆகவே ஸ்டாப் பார்கள் கோபுரத்தின் கையில் இருக்க வேண்டும். டாக்ஸிவே எழுத்துகள் மங்கும் முன்பே பெயின்ட் அடிக்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத குறி தரையில் இருக்கவே கூடாது. இடம் புரியாத விமானி உடனே நின்று, அதை ரேடியோவில் சொல்லட்டும். சிவப்பு எரியும்போது வாய்மொழி அனுமதி வந்தாலும் தாண்டாமல் மறுபடி கேட்கட்டும்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் துறை வாசகர்