சாந்திக்கு ஒரு லேட்டான பதில்

அன்புள்ள சாந்தி,

மெயில் பாத்துட்டு பதிலே போடலன்னு திட்டிட்டு இருந்திருப்ப, திட்டு. இங்க கிளினிக்ல ரெண்டு பேர் லீவு, ஊர்ல இருக்க அத்தனை பேர் முட்டியையும் நான் ஒருத்தியே மடக்கி நீட்டிட்டு இருக்கேன். உன் முட்டிக்கும் சொல்றேன், மாடிப்படி இறங்கும்போது மட்டும் வலின்னா பயப்பட ஒண்ணும் இல்ல, தொடைக்கு எக்சர்சைஸ் பண்ணு, கிரவுண்ட்ல பசங்களோட சேந்து நீயும் ஓடுறத கொஞ்ச நாள் நிறுத்து.

உங்க ஸ்கூல்ல குழந்தைங்க பாதுகாப்பு கமிட்டில உன்ன போட்டுருக்காங்கன்னு எழுதியிருந்த. பி.டி. டீச்சர் ஒருத்தர் இருக்கணும்னு யாரோ சொல்ல, உன் பேர எழுதிட்டாங்க, சரிதானே? அதோட, "உங்க ஸ்டேட்ல ஒரு காலேஜ்ல கோச் மாட்டினாரே, அந்த காலேஜ என்னதான் பண்ணாங்க"ன்னு கேட்டிருந்த. ரெண்டு வரில சொல்லிரலாம்னுதான் உக்காந்தேன், முடியாது போலருக்கு.

நீ கேட்ட காலேஜ் பேர் பென் ஸ்டேட், இங்க பென்சில்வேனியால அது சும்மா ஒரு யுனிவர்சிட்டி இல்லடி. ஃபுட்பால்னா நம்ம ஊர் ஃபுட்பால் இல்ல, பந்த கையில தூக்கிட்டு ஓடுறது. ஸ்டேடியத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல உக்காருவாங்க, சனிக்கிழமை மேட்ச்னா ஹைவே முழுக்க நீலமும் வெள்ளையும்தான். ஜோ பேட்டர்னோ 1966ல இருந்து ஹெட் கோச், 409 மேட்ச் ஜெயிச்ச ஆளு, அவரும் சம்சாரமும் லைப்ரரிக்கெல்லாம் பெரிய தொகை குடுத்திருக்காங்க. அவருக்குக் கீழ பல வருஷம் அசிஸ்டன்ட் கோச்சா இருந்தவன்தான் ஜெரி சாண்டஸ்கி. கஷ்டப்படுற வீட்டுப் பசங்களுக்குன்னு ஒரு டிரஸ்ட் 1977லயே ஆரம்பிச்சான், அந்தப் பசங்களதான் பாலியல் கொடுமை பண்ணி நாசம் பண்ணான். 1999ல ரிட்டயர் ஆன பிறகும் பில்டிங் சாவி அவன்கிட்டயே இருந்துச்சு. 2011 நவம்பர்ல அரெஸ்ட், 2012 ஜூன்ல 48 சார்ஜ்ல 45ல குற்றவாளின்னு தீர்ப்பு, 30ல இருந்து 60 வருஷம் ஜெயில். அவன் கதை அவ்ளோதான், எனக்கு அவனப் பத்தி மேல எழுத இஷ்டம் இல்ல.

மத்தவங்க கதைதான் என்னத் தூங்கவிடாது. 1998லயே ஒரு அம்மா போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்துட்டா, விசாரிச்சாங்க, கேஸ் போடாம விட்டுட்டாங்க. 2001 பிப்ரவரில மைக் மெக்வியரின்னு ஒரு சின்ன வயசு அசிஸ்டன்ட், ராத்திரி ஷவர் ரூம்ல சாண்டஸ்கிய ஒரு சின்னப் பையனோட கண்ணால பாக்குறான். மறுநாள் காலைல பேட்டர்னோ வீட்டுக்குப் போய் சொல்றான். பேட்டர்னோ அத அத்லெடிக் டைரக்டர் டிம் கர்லிகிட்ட சொல்றார், அதுவும் உடனே இல்ல, அவங்க வீக்கெண்ட கெடுக்க வேணாம்னு நெனச்சேன்னு அவரே கிராண்ட் ஜூரி, அதாவது கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற குழு முன்னாடி சொன்னார். கர்லி, யுனிவர்சிட்டி வைஸ் பிரெசிடென்ட் கேரி ஷூல்ட்ஸ், பிரெசிடென்ட் கிரகாம் ஸ்பேனியர், மூணு பேரும் பேசி மொதல்ல கவர்மென்ட் குழந்தைகள் நலத்துறைக்குச் சொல்றதுன்னு முடிவு பண்ணாங்க, ரெண்டே நாள்ல அத மாத்தி, அவன்கிட்டயே பேசி இனிமே பசங்கள இங்க கூட்டிட்டு வராதன்னு சொன்னா போதும்னு விட்டுட்டாங்க. இதுல கேம்பஸ் போலீஸே அந்த ஷூல்ட்ஸுக்குக் கீழதான்! அந்தப் பையன் யாரு, வீடு எங்க, எப்படி இருக்கான்னு போய்ப் பாத்தவங்க ஒருத்தர் இல்ல.

எல்லாரும் சொன்னாங்க பாரு சாந்தி, அதான் விஷயம். ஒவ்வொருத்தரும் தனக்கு மேல இருக்கவங்ககிட்ட சொல்லிட்டு கைய கழுவிட்டாங்க. அப்போ இருந்த சட்டப்படி வேலைல இருக்கவங்க மேலதிகாரிகிட்ட சொன்னாலே கடமை முடிஞ்ச மாதிரி, அதனால பேட்டர்னோ மேல கேஸே வரல.

மெக்வியரி பாக்குறதுக்கு முன்னாடியே, 2000ல, அதே ஷவர்ல சாண்டஸ்கிய இன்னொரு பையனோட ஒரு துப்புரவுத் தொழிலாளி பாத்துருக்கார். கொரியா சண்டைக்குப் போய் வந்தவர், போர்ல எவ்வளவோ பாத்திருக்கேன், ஆனா இத என்னிக்கும் மறக்க முடியாதுன்னு கூட வேலை பாத்தவங்ககிட்ட நடுங்கிட்டே சொல்லிருக்கார். அவங்க பேசி என்ன முடிவு பண்ணாங்க தெரியுமா, வெளிய சொன்னா நம்ம எல்லாருக்கும் வேலை போயிரும், ஃபுட்பால எதுத்து இங்க யாரும் நிக்க முடியாதுன்னு சும்மா இருந்துட்டாங்க. யுனிவர்சிட்டியே அமர்த்தி, முன்னாள் எஃப்.பி.ஐ. தலைவர் லூயி ஃப்ரீ விசாரிச்சுக் குடுத்த ரிப்போர்ட்ல இது இருக்கு, 2012 ஜூலைல வந்துச்சு. பெரிய மனுஷங்க மெயில் எல்லாத்தையும் விட இந்த ஒரு பக்கம்தான் எனக்கு அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு காட்டுச்சு.

இனி தண்டனைக்கு வர்றேன். சாண்டஸ்கி அரெஸ்ட் ஆன சில நாள்லயே யுனிவர்சிட்டிக்காரங்க பேட்டர்னோ வீட்டுக்கு ஒரு துண்டுச்சீட்டுல போன் நம்பர் எழுதிக் குடுத்துவிட்டு, அவரக் கூப்பிட வச்சு, போன்லயே வேலைய விட்டுத் தூக்கினாங்க. அன்னிக்கு ராத்திரி ஸ்டூடன்ட்ஸ் ரோட்ல எறங்கி ஒரு டிவி வேன கவுத்துப் போட்டாங்க, யாருக்காகன்னு நெனச்சா இப்பவும் எரிச்சலா வருது. 2012 ஜனவரில அவர் கேன்சர்ல போய்ட்டார். ஜூலைல ஸ்டேடியத்துல இருந்த அவர் சிலைய எடுத்தாங்க, லைப்ரரில அவர் பேர அப்படியே விட்டாங்க. மறுநாளே காலேஜ் விளையாட்டுக்கெல்லாம் மேல இருக்க என்.சி.ஏ.ஏ. இறங்குச்சு: 60 மில்லியன் டாலர் ஃபைன், 4 வருஷத்துக்கு சீசன் முடிஞ்சு ஆடுற பவுல் மேட்ச் கிடையாது, ஆடுற பசங்களுக்கான ஸ்காலர்ஷிப் 85ல இருந்து 65, அதுக்கும் மேல 1998ல இருந்து 2011 வரைக்கும் ஜெயிச்ச 112 மேட்சையும் ரெக்கார்ட்ல இருந்து அழிச்சாச்சு.

மேட்ச அழிக்கிறதால யாருக்கு என்ன நீதி? ஆடினது ஆடினதுதான், பாத்த ஒரு லட்சம் பேர் தலைல இருந்து அழிக்க முடியுமா. அந்த 2012 டீம்ல இருந்த பசங்க, ஷவர் ரூம்ல அது நடந்தப்ப ஸ்கூல் பசங்க. சில பேர் வேற காலேஜுக்குப் போனாங்க, இருந்தவங்க புது கோச்சோட ஆடி 8 ஜெயிச்சு 4 தோத்தாங்க. என் கூட வேலை பாக்குறவ ஒருத்தி பென் ஸ்டேட்ல படிச்சவ, "குத்தம் பண்ணவன் ஒருத்தன், அடி வாங்கினது வேற ஒருத்தன்"னு இன்னும் கத்துவா. எனக்கு அதுல பாதிதான் ஒத்துப்போகும். 60 மில்லியன் சரிதான், அந்த ஃபுட்பால் ஒரு வருஷத்துல சம்பாதிக்கிற காசு அது, எந்தக் காசுக்காக எல்லாரும் வாய மூடினாங்களோ அதுலயே கை வச்சாங்க. மத்ததெல்லாம் ஊருக்குக் காட்டுறதுக்கு.

காட்டுறதுக்குதான்னு பின்னாடி தெரிஞ்சும் போச்சு. என்.சி.ஏ.ஏ. சொந்தமா விசாரிக்கவே இல்ல, ஃப்ரீ ரிப்போர்ட்ட வச்சே முடிச்சுட்டாங்க. இந்த ஸ்டேட் செனட்டர் ஒருத்தர் போட்ட கேஸ்ல அவங்க உள் மெயில் வெளிய வந்துச்சு, நமக்கு இதுல அதிகாரம் இருக்கான்னு அவங்களுக்கே சந்தேகம், காலேஜ் அவமானத்துல இருக்கு, என்ன சொன்னாலும் ஒத்துக்கும்னு ஒரு கணக்கு. 2014 செப்டம்பர்ல பவுல் தடைய எடுத்தாங்க, 2015 ஜனவரில அந்த 112 ஜெயமும் திரும்ப வந்துருச்சு.

அதவிட ஆத்திரம், மிச்சிகன் ஸ்டேட். அங்க லேரி நாசர்னு ஒரு டாக்டர், ஜிம்னாஸ்டிக்ஸ் பொண்ணுங்கள வருஷக்கணக்கா வைத்தியங்கிற பேர்ல நாசம் பண்ணான். 300க்கு மேல பொண்ணுங்க, 2018ல காலேஜ் 500 மில்லியன் டாலர் குடுத்து செட்டில் பண்ணுச்சு. அதே என்.சி.ஏ.ஏ. அதே வருஷம், எங்க ரூல் எதையும் மீறலன்னு கைய விரிச்சுருச்சு. பொண்ணுங்க ஜிம்னாஸ்டிக்ஸ்ல டிவி பணமும் இல்ல, சிலையும் இல்ல, அழிக்க ஜெயமும் இல்ல, அதனாலயோ என்னமோ.

பென் ஸ்டேட் ஆளுங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னா, கர்லியும் ஷூல்ட்ஸும் 2017ல சின்ன கேஸ்ல ஒத்துக்கிட்டாங்க, ஸ்பேனியர் விசாரணைல தோத்தார். உள்ள இருந்தது ரெண்டு மாசம், மூணு மாசம். ஸ்பேனியர் அப்பீல் அப்பீல்னு இழுத்து 2021லதான் உள்ள போனார். பசங்களுக்கு நஷ்டஈடா யுனிவர்சிட்டி குடுத்தது 100 மில்லியனுக்கு மேல.

இதெல்லாத்துலயும் உருப்படியா ஒண்ணு நடந்துதுன்னா சட்டத்த மாத்தினதுதான். 2014 கடைசில இருந்து இங்க டீச்சர், நர்ஸ், கோச், என்ன மாதிரி ஃபிசியோ யாரா இருந்தாலும், சந்தேகம் வந்தா நாமளே நேரா ஸ்டேட் ஹாட்லைனுக்குச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் மேனேஜர்கிட்ட சொல்றது. லைசென்ஸ் ரினீவல் வந்தா இதுக்குன்னே 2 மணி நேர ட்ரெய்னிங், சும்மா கிளிக் பண்ணிட்டே போக முடியாது. சந்தேகம் போதும், நிரூபிக்கிற வேலை உன்னோடது இல்லன்னு அதுல திரும்பத் திரும்ப வரும்.

உங்க போக்சோலயும் இதேதான் சாந்தி, குழந்தைங்கள பாலியல் கொடுமைல இருந்து காக்க 2012 நவம்பர்ல வந்த சட்டம். தெரிஞ்சவங்க போலீஸ்க்குச் சொல்லியே ஆகணும், சொல்லலன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், தன் கீழ வேலை பாக்குறவன் பண்ணத நிறுவனத் தலைமை மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும். ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேன்னு நீ இருந்துட முடியாது, மொத மீட்டிங்லயே இத சத்தமா படி, கரஸ்பாண்டென்ட் மூஞ்சி எப்படி போனாலும் பரவால்ல. அப்புறம் கமிட்டி லிஸ்ட்டப் பாரு. நீ அனுப்பினதுல எல்லாம் டீச்சருங்க, ஒரு வக்கீல், பேரன்ட்ஸ்ல ரெண்டு பேர். காலைல ஆறு மணிக்கு வந்து பாத்ரூம் கழுவுற அக்கா, வேன்ல வர்ற ஆயாம்மா, வாட்ச்மேன், யார் பேரும் இல்லையே? அவங்கள ஒருத்தர சேக்க முடியுமான்னு கேளு. முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேளு, என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது.

உன்
மீனா