அந்த அடைப்புக்குறி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழங்கால மோவாப் நாட்டு அரசன் மேசாவின் கல்வெட்டைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 31ஆம் வரியில் 'தாவீதின் வீடு', அதாவது தாவீதின் அரச வம்சம், என்று பொறித்திருப்பதாக அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். 1994இல் அப்படி வாசித்த பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே லெமேரே அவ்வளவு தூரம் போகவில்லை. ஓர் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் வெளியிட்டார். அந்த எழுத்து கல்லில் தெரியவில்லை, ஊகித்து நிரப்பியது என்று அதற்கு அர்த்தம். எந்த எழுத்து தெரியுமா? தாவீது என்ற பெயரின் முதல் எழுத்தேதான்! உங்கள் கட்டுரையில் குறி போய்விட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது.

1868இல் இன்றைய ஜோர்டானின் திபானில் வெளியுலகம் பார்த்தபோது அது முழுக் கல். மறு ஆண்டு ஈரத்தாளை ஒற்றிப் படியெடுக்கும்போதே கைகலப்பு மூண்டு, காயாத தாள் கிழிந்தது. அப்புறம் கல்லையும் நெருப்பில் காய்ச்சி, தண்ணீர் ஊற்றி உடைத்துவிட்டார்கள். லூவர் அருங்காட்சியகத்தில் இருப்பது ஒட்டுப்போட்ட கல்லும் கிழிசல் படியும்தான். மோவாபிய எழுத்தில் உயிரெழுத்துக்குத் தனி வடிவம் பெரும்பாலும் கிடையாது. நாலைந்து மெய்யெழுத்தில் ஒன்று மங்கினாலும் பெயரே மாறிவிடும்.

மாறவும் செய்தது. 2019இல் பிங்கெல்ஸ்டைன், நாமான், ரோமர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் புதிய படங்களைப் பார்த்து, அங்கே இருப்பது மூன்றே மெய்யெழுத்துள்ள ஓர் அரசன் பெயர், முதலெழுத்து 'ப' என்றார்கள். வேதாகமத்தின் எண்ணாகமத்தில் வரும் மோவாப் அரசன் பாலாக்காக இருக்கலாம் என்பது அவர்கள் யோசனை. அதையும் தயங்கித்தான் சொன்னார்கள். 2022இல் லெமேரும் டெலோர்ம் என்ற ஆய்வாளரும், பல கோணங்களில் ஒளி பாய்ச்சி எடுத்த படங்களைக் காட்டி, பழைய வாசிப்பே சரி என்று பதில் எழுதினார்கள். என் மனசு லெமேர் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் பாலாக் வாசிப்பைத் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை.

தாவீதின் பெயருக்கு இந்த ஒரு வரிதான் கதி என்றும் இல்லை. 1993இல் வட இஸ்ரேலின் தேல் தானில் கிடைத்த அராமேயக் கல்வெட்டில் 'தாவீதின் வீடு' என்பதன் ஆறு எழுத்துகளும் தெளிவாக இருக்கின்றன. அங்கே சண்டை வேறு: மற்ற சொற்களுக்கு நடுவே புள்ளி வைத்த சிற்பி, 'வீடு', 'தாவீது' இரண்டுக்கும் இடையில் வைக்கவில்லை. அது ஓர் ஊர்ப்பெயராக இருக்கலாம் என்று சிலர் வாதிட்டார்கள். பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை.

எங்கள் வேதபாட வகுப்பில் உங்கள் கட்டுரையைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் அதை அப்படியே நம்புகிறார்கள். அடுத்த இதழில் அந்த வரியை அடைப்புக்குறியோடு ஒருமுறை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
பாளையங்கோட்டை