வரப்போரக் கதிரை விதைக்கு எடுக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விதைநெல் பற்றிய உங்கள் கட்டுரை "பெரிய கதிராகப் பார்த்து எடுங்கள்" என்பதோடு நின்றுவிட்டது, அது போதாது. வரப்போரத்துப் பயிருக்கு வெயிலும் இடமும் கூடுதல், கதிர் கனத்துத் தொங்கும். ஆனால் அந்தக் கனம் விதையில் இறங்காது. நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறும் பயிர், ஒரே தூய வழியில், அதாவது தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவந்த ஒரே தாய்ச்செடியின் வம்சத்தில், வந்த செடிகளுக்குள் மரபு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. டென்மார்க்கின் தாவரவியலாளர் யோகான்சன் 1903-லேயே பீன்ஸில் இதைக் காட்டினார்: ஒரே வழியில் பெரிய விதையோ சின்ன விதையோ, எதை விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை ஏறக்குறைய ஒன்றுதான். பூக்கும் நாள், உயரம் இவற்றில் மரபின் பங்கு அதிகம். விளைச்சல் அப்படியல்ல, அதனால் அதைப் பல இடங்களில், பல பருவம் நட்டுப் பார்க்கணும். அப்புறம், தூர் (அடியில் கிளைக்கும் தண்டுகள்) கூடினால் கதிரில் மணி குறைவதும் உண்டு, அதையும் எழுதுங்கள்.